துளையில்லாத மணிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். உடம்பெல்லாம் நுண்துளைகள் உள்ள பாலிமர் மணிகளைச் செய்வதுதான் வேலை. என் கைடு பாறசாலைப் பக்கத்துத் தமிழர். வேதியியலைவிட, ஊருக்குப் போகும் சாயங்கால பாசஞ்சர் வண்டியின் நேரம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

பாலிமராக இறுகும் ஸ்டைரீன் கலவையோடு டொலுயீன் என்ற கரைப்பானைச் சேர்த்து வெந்நீரில் விட்டுக் கலக்கினால் துளித்துளியாகப் பிரியும். துளி இறுகும்போது டொலுயீன் நின்ற இடமெல்லாம் துளையாகும். சூடு நிதானமாக ஏற வேண்டும். ஒருநாள் வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் அவர் சட்டென்று சூட்டைக் கூட்டினார். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கலக்கும் கோலைக் கவ்விக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டன.

"இந்த மோட்டார் கொள்ளாது, கேட்டியா" என்று பழியைக் கலக்கும் மோட்டார்மேல் போட்டார்.

அடுத்து டொலுயீன் வாடை அவருக்குத் தலைவலி தந்தது. "இந்த நாத்தம் எதுக்கு? இனி இது வேண்டாம்."

"சார், அது இல்லைன்னா துளை வராதே."

"நீ என்னப் படிப்பிக்கண்டா."

டொலுயீன் இல்லாமல் வந்த மணிகள் கண்ணாடிபோல் மின்னின. பூரித்துப்போய் ஒரு குப்பியில் நிறைத்து மேஜைமேல் வைத்தார். ஆய்வைப் பார்வையிட வந்த நிபுணர் ஒருவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, துளை எங்கே என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது என்றார் கைடு. நிபுணர் தலையாட்டினார். அதுவரை ஒரு மடையர்தான் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

கைடு கிளம்பிப்போன பிறகு டொலுயீன் சேர்த்து நானே செய்தேன். சாக்குக்கட்டிபோல வெளுத்து, மங்கலாக வந்தன. துளை இருந்தால் தண்ணீர் உள்ளே புகும்படி இரண்டு வகையையும் ஆல்கஹாலில் நனைத்து, தனித்தனியே நீலச் சாயத் தண்ணீரில் போட்டேன். காலையில் பார்த்தால் என் மணிகள் சாயத்தையெல்லாம் குடித்துவிட்டிருந்தன, தண்ணீர் தெளிந்திருந்தது. அவருடையவை போட்டபடியே மின்னின. கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஐயே, உன்னோடது மொத்தமும் கறை பிடிச்சுப் போச்சே! என்னோடதப் பாரு, என்ன சுத்தம்!"

அதற்குப்பின் அவருக்கு நான் எதையும் விளக்கவில்லை. அவர் இல்லாத நேரங்களில் வேலையை முடித்து, ஆய்வேட்டை எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் என் மணிகளின் துளைகளை வெகுவாகப் பாராட்டினார்.

கைடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "டொலுயீன் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு ஆதியமே நாந்தான் இவகிட்ட சொன்னேன்."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட அந்த முகத்தில் இல்லை. ஒருவர்மேல் கோபப்படுவதற்கும் ஆள் கொஞ்சம் தேற வேண்டாமா? தேநீரோடு வந்த தட்டிலிருந்து ஒரு பழம்பொரியை எடுத்துக் கடித்தேன். நல்ல சூடாக இருந்தது.