சுரங்கம் விழுங்காத சத்தம்

ஜீவராணியின் காதைப் பற்றிக் கல்கந்தைத் தோட்டத்தில் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதியே அதிகம். தூரத்தில் ரயிலின் சத்தம் எழுந்ததுமே அது ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த எஞ்சின், பெட்டிகளில் ஆள் நிறைந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாளாம். ஆள் கணக்கை யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று கேட்கக்கூடாது. ஒரு தோட்டமென்றால் அதற்கு ஒரு பெருமை வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கோயில் தேர் இருந்தது. இவர்களுக்கு ஜீவராணியின் காது இருந்தது.

தலவாக்கலைக்கும் வட்டகொடைக்கும் நடுவே, ரயில் பாதைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள் அவள். பதினெட்டு வயதில் பெயர் பதிந்து கூடையைத் தலையில் மாட்டி, இருபது வருஷம் கொழுந்து பறித்தாள். புருஷன் வேலை தேடிக் கொழும்புக்குப் போனவன், வேலை கிடைத்ததா என்றுகூடச் சொல்லி அனுப்பவில்லை. அவள் அவனைத் தேடவுமில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம். பிறகு ஒரு மழை நாளில் மலைச் சரிவில் சறுக்கி விழுந்து வலது முழங்கால் போயிற்று. ஏறினால் வலி, இறங்கினால் அதைவிட வலி. மலையில் வேலை செய்கிறவளுக்கு ஏறாமல் இறங்காமல் என்ன பிழைப்பு?

அந்த நேரம் பார்த்து, தோட்டத்துப் பாதை ரயில் பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு ஆட்டோ அடிபட்டது. உடனே அங்கே ஒரு கம்பம் நட்டார்கள், தகரத்தில் ஒரு கூடு போட்டார்கள், பகல் காவலுக்கு ஆள் தேடினார்கள். வேலை தற்காலிகம். ஸ்டேஷனிலிருந்து போன் கிடையாது. நேர அட்டவணை ஒன்று கொடுத்தார்கள்; அதை நம்பிக் கேட் மூடினால் தோட்டமே பட்டினி கிடக்க வேண்டியதுதான், ரயில் அவ்வளவு ஒழுங்கு. காதுதான் வேண்டும். காது யாரிடம் இருக்கிறது என்று தோட்டத்தில் கேட்கவே வேண்டாம்.

அவள் கண்டுபிடித்த கணக்கு எளிமையானது. கேட்டுக்குக் கீழே, கொஞ்ச தூரத்தில் ஒரு சுரங்கம். தலவாக்கலையிலிருந்து ஏறி வரும் ரயில் பள்ளத்துக்கு அந்தப் பக்கமாக உறுமிக்கொண்டே வரும். எஞ்சின் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். "முழுங்கிடுச்சு" என்பாள் ஜீவராணி. சத்தம் கேட்கிறவரை ரயில் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், அடங்கினால் உள்ளே. அடங்கின பிறகு எழுந்து கம்பத்தை இறக்கினாலும் ஒரு வாய் வெற்றிலை மடிக்க நேரம் மிஞ்சும். பத்து வருஷம் இந்தக் கணக்கு ஒருநாளும் பிசகவில்லை. மகள் ரோகினி அதற்குள் வளர்ந்து, கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கப் போய்விட்டாள்.

பிறகு நீல ரயில் வந்தது. சோதனை ஓட்டத்தன்று லயமே திரண்டு பாதைக் கரையில் நின்று போனில் படம் எடுத்தது. புதுப் பெட்டிகள், பெரிய கண்ணாடிகள். முன்னால் ஒரு எஞ்சின், பின்னாலும் ஒரு எஞ்சின்.

"இதென்னாங்க, மொகமும் முதுகும் ஒண்ணாவே இருக்கு! எந்தப் பக்கத்துக்குக் கும்புடுறது?" என்றாள் ஜீவராணி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் அவள்மேல் கோபம் வருகிறது. பார்க்க வேண்டியதைச் சரியாகப் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டுப் போய்விட்டாளே.

வெயில் மாதங்களில் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நீலம் தெரிந்ததுமே கம்பத்தை இறக்கிவிடுவாள், காதுக்கு வேலையில்லை. அந்த வருஷம் இன்னொரு நல்ல செய்தியும் வந்தது. தற்காலிகக் கேட்காரர்களில் குற்றம் குறை இல்லாதவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். பட்டியலில் அவள் பெயர் இருந்தது. "நீ நிரந்தரமாயிட்டா நான் இந்தக் கடைய விட்டுட்டு வந்துருவேம்மா. இங்க நின்னு நின்னு காலெல்லாம் வீங்குது" என்றாள் ரோகினி போனில். ஜீவராணி அன்று கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தாள்.

ஆடி மாதம் பனி இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி, மேலே மழை. காலை பத்து மணிபோல ரயிலின் உறுமல் கேட்டது. கம்பத்தை இறக்கினாள். இறக்கிய கையோடு ஷிஹாபின் லொறி வந்து நின்றது. தலவாக்கலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் சாரா உம்மாவின் மகன் அவன். தோட்டத்துக் கடைகளுக்கு மாவும் அரிசியும் ஏற்றி வருவான். அவசரக்காரன். ஒருமுறை இறங்கும் கம்பத்துக்குக் கீழே லொறியை நுழைத்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

"அக்கா, மாவு நனையுது! கோச்சி எங்க ஈக்கி?"

கோச்சி, அதாவது ரயில், எங்கே என்று ஜீவராணி காதைக் கொடுத்தாள். முன்னால் லொறியின் எஞ்சின் தடதடத்தது, தகரத்தில் மழை கொட்டியது. அதையும் மீறிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உறுமல் தெளிவாகக் கேட்டது. அடங்கவில்லை.

"இன்னும் முழுங்கலப்பா. போ, சுருக்கா போ!"

அந்தக் கம்பம் கயிற்றை இழுத்தால் மேலே போகும், விட்டால் கீழே விழும். சீக்கிரமே மூடத்தானே போகிறோம் என்று, கம்பத்தைத் தூக்கிய கயிற்றைக் கொக்கியில் மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். லொறி பாதையில் ஏறியது. பனியைக் கிழித்துக்கொண்டு நீல முகம் வந்தது.

ரயில்காரர் பிரேக் போட்டுவிட்டார். ஏற்றம் என்பதால் வேகமும் குறைவு. அப்படியும் லொறியின் பின்பக்கத்தை அடித்துத் திருப்பிப் பள்ளத்தில் தள்ளியது. தண்டவாளமெல்லாம் மாவு. ஷிஹாபுக்கு உயிர் தப்பியது, இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

ஓடிவந்தவர்கள் கண்டது என்ன? கம்பம் மூடியிருந்தது. பதறிய கை கயிற்றை விட்டதும் தானாக விழுந்த கம்பம் அது. மூடிய கேட்டுக்கு அப்பால் உடைந்த லொறி. கேட்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது?

"பூந்து போயிருக்கான். முன்னாலயும் இப்படித்தானே செஞ்சான்" என்றார் தோட்டத்துத் தலைவர் கந்தப்பன். ஷிஹாப் வலியில் கத்தினான்: "அக்காதான் தொறந்து விட்டாங்க! அக்கா, சொல்லுங்களே!" ஜீவராணிக்கு வாய் திறக்கவில்லை. நடுக்கம் என்று அவளைத் தாங்கிக்கொண்டு போய்ச் சுடுதண்ணீர் கொடுத்தார்கள். "அவ காதப் பத்தித் தெரியாதா? கடைக்காரப் பயலுக்கு எப்பவும் அவசரம்" என்று ஊர் பேசிக்கொண்டது. பொலிஸ் ஷிஹாபின் லைசன்ஸைப் பிடித்துவைத்தது.

முதல் நாள் நடுக்கத்தால் பேசவில்லை. இரண்டாம் நாள் பேச நினைத்தாள், ரோகினியின் கால் வீக்கம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாளிலிருந்து பேசாமலிருப்பதே பழக்கமாகிவிட்டது. பயந்த மனுஷி எதைச் செய்வாளோ அதைத்தான் செய்தாள், அதற்கு மேல் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேறொரு பயமும் அவளைப் பிடித்துக்கொண்டது. காது போய்விட்டதா? ரயில் இந்தப் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கம் எப்படிக் கேட்டது? ஒவ்வொரு ரயிலுக்கும் அட்டவணை நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே கேட்டை மூடிவைத்தாள். காத்திருந்தவர்கள் ஏசினார்கள். ஏசட்டும் என்று இருந்தாள்.

எட்டாம் நாள் வானம் வெளித்தது. நீல ரயில் வந்தது. கம்பத்தை இறக்கிவிட்டு, அன்று முதல்முறையாக அதைக் காதாலும் கண்ணாலும் சேர்த்துப் பார்த்தாள். முன் எஞ்சின் சுரங்கத்துக்குள் போயிற்று. சத்தம் நிற்கவில்லை. பின் எஞ்சின் இன்னும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. அது உள்ளே நுழைவதற்கு முன்பே இந்தப் பக்கம் நீல முகம் வெளியே வந்துவிட்டது.

காது பொய் சொல்லவில்லை. பழைய ரயிலுக்குப் போட்ட கணக்கைப் புது ரயிலுக்கும் போட்டவள் அவள்தான். ஜீவராணி ரயிலுக்குக் காட்டும் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். கடந்துபோன வெள்ளைக்காரப் பயணி ஒருத்தி அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

அழுது முடித்ததும் ஒன்று உறைத்தது. மேலே அடுத்த கேட்டில் இருக்கும் முத்துலிங்கத்துக்கும் சுரங்கம் உண்டு. இந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். உடனே போன் எடுத்தாள்.

"முத்துலிங்கம், நீலக் கோச்சி வாறப்ப சத்தம் நிக்கட்டும்னு காத்திராத. பின் எஞ்சின் ஏமாத்திரும். கேட்டவொடன மூடிரு, யாரு கெஞ்சுனாலும் தொறக்காத."

"அப்ப அன்னைக்கு..." என்றான்.

ஜீவராணி கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள்.

"சரிக்கா. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போனாள். வேறு கடை இல்லாமலில்லை. கால்கள் சாரா உம்மாவின் கடைக்கே போயின. ஷிஹாப் இல்லாததால் அந்த வயதான மனுஷியே அரிசி நிறுத்துக்கொண்டிருந்தாள். ஏசுவாள் என்று ஜீவராணி எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் திருப்பி ஏசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"மகள், கால் நோவு எப்படி ஈக்கி?" என்று கேட்டாள் சாரா உம்மா. பையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "என்ட மகன் அவசரக்காரன்தான். பொய்க்காரன் இல்ல மகள். நீங்களுந்தான் பொய் சொல்ற ஆள் இல்ல. அதான் எனக்கு ஒண்ணும் விளங்குதில்ல."

விசாரணை ரயில் ஸ்டேஷன் பக்கத்து அறை ஒன்றில் நடந்தது. விசாரிக்க வந்த ரயில்வே அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், அம்பலவாணர் என்று பெயர். வாசலில் கந்தப்பன் அவள் காதோடு சொன்னார்: "கேட் மூடித்தான் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு புள்ள. மத்தத நான் பாத்துக்குறேன். பட்டியல் மேல போயாச்சு, வாயக் குடுத்துக் கெடுத்துக்காத."

உள்ளே போனாள், உட்காரவில்லை.

"கேட்ட நான்தாங்க தொறந்தேன். அந்தத் தம்பி மேல தப்பு இல்ல."

அம்பலவாணரின் பேனா நின்றது. "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ. நித்திரை கொண்டனீங்களோ? சுகமில்லையோ?"

"முழிச்சுத்தாங்க இருந்தேன்." கையிலிருந்த வளையலைக் கழற்றி மேசைமேல் நிறுத்திப் பிடித்தாள். "இதுதான் சுரங்கம்." அவர் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து மெதுவாக வளையலுக்குள் நுழைத்தாள். "பழைய கோச்சின்னா சத்தம் இந்த நுனியில மட்டும். உள்ள போனா அடங்கிரும். இது ரெண்டு நுனியிலயும் சத்தம் போடுது. பாருங்க, தலை வெளிய வந்துருச்சு, வாலு இன்னும் அங்க கெடந்து கத்துது. வாலக் கேட்டுட்டுத் தலை தூரத்துல இருக்குன்னு நெனச்சேன். நான் மட்டும் இல்லீங்க, காதால கேட் மூடுற எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. அவுங்களுக்குச் சொல்லுங்க."

அவர் வளையலையும் அடிமட்டத்தையும் வெகுநேரம் பார்த்தார். "நீங்கள் சொல்லுறது எனக்கு வடிவா விளங்குது அம்மா. ஆனா இந்தப் படிவத்தில ஆளின்ர பிழையோ வாகனத்தின்ர பிழையோ எண்டுதான் கேட்டிருக்கு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவரில்லை, கட்டம் போட்ட தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

ஒரு மாதத்தில் ஷிஹாபுக்கு லைசன்ஸ் திரும்பியது. ஜீவராணிக்குக் கடிதம் வந்தது. செவிப்புலன் குறைபாடு காரணமாகச் சேவை நிறுத்தம். கந்தப்பன் அதைப் படித்துக்காட்டிவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார். கல்கந்தையின் காதுக்கே குறைபாடாம். ரோகினியிடம் அவளே போனில் சொன்னாள். ரோகினி கோபப்படவில்லை. "சரிம்மா, கடையில கஸ்டமர் நிக்கிறாங்க" என்றாள். ஜீவராணிக்கு அது கோபத்தைவிட வலித்தது.

கேட்டுக்கு வேறு ஆள் வரவில்லை. கம்பத்தை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, ரயில் கவனம் என்று ஒரு பலகை வைத்தார்கள். ஜீவராணி மறுபடி பெரட்டுக்கு, காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போனாள், கூடையை மாட்டினாள். கேட்டுக்கு நேர் மேலே இருக்கும் மலையில் பறிக்க ஒரு நிரை கிடைத்தது. முழங்கால் தினமும் அவளை ஏசியது.

மார்கழியில் ஒரு காலை, லேசான பனி. கீழே ரயில் கடவை மங்கலாகத் தெரிந்தது. ஷிஹாபின் லொறி வந்தது. விபத்துக்குப் பிறகு அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, அவளும் அவன் முகத்தை நேரே பார்த்ததில்லை. கம்பம் மேலேதான் கட்டிக் கிடந்தது, தடுக்க யாருமில்லை. அவன் போகவில்லை. லொறியை நிறுத்தி இறங்கி, மலையை அண்ணாந்து பார்த்து, கொழுந்து பறிக்கும் பெண்களில் அவளைத் தேடினான். கண்டதும் திரும்பிப் போய் லொறியின் எஞ்சினை அணைத்தான்.

அவளுக்குக் கேட்க வேண்டுமென்றுதான் அணைத்தான். ஜீவராணி கூடையை இறக்கிவைத்தாள். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பேசாமலிருக்கச் சொன்னாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உறுமல் இருந்தது. கையை உயர்த்தி நில் என்று காட்டினாள். நீல முகம் வெளியே வந்தது, பெட்டிகள் கடந்தன, பின் எஞ்சினும் கத்திக்கொண்டே போய் மறைந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கையை இறக்காமல் நின்றாள். கீழே அவனும் நின்றான்.

பிறகு கையை இறக்கினாள். லொறி கிளம்பியது.