கழிப்பறைச் சாவி மசோதா

எங்கள் உப்பளத்தில் கழிப்பறை கட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. நீலக் கதவு, உள்ளே வெள்ளை டைல்ஸ், வெளியே பூட்டு. பெரிய ஆட்கள் யாராவது வந்து ரிப்பன் வெட்டும்வரை திறக்கக் கூடாது என்று மேஸ்திரி சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ரிப்பனும் அதே பையில்தான்.

கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திதான். ஒதுங்க ஒரு புதர் கிடையாது. அதனால் விடியலில் வேலைக்கு வரும் பெண்கள் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. அம்மாவுக்கு மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு வந்தபோது, தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் சத்தம் போட்டார். அம்மா தலையாட்டினாள். மறுநாளும் காய்ந்த வாயோடு கூடை தூக்கினாள்.

மேஸ்திரியிடம் கேட்கப் போனேன். "எதுவா இருந்தாலும் சட்டப்படி வாம்மா" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அரசியல் அறிவியலில் பட்டமும் வாங்கியவள். என்னிடம் போய் இப்படிச் சொல்லலாமா?

அடுத்த நாள் இடைவேளையில், மோட்டார் கொட்டகை நிழலில் நாடாளுமன்றம் கூடியது. கூடை சுமக்கும் பத்துப் பேர் மக்களவை. வயதாகிவிட்டதால் சுமக்காமல் உப்பைக் கூட்டிக் குவிக்கும் நால்வர் மாநிலங்களவை. அவர்களை உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். மேஸ்திரி குடியரசுத் தலைவர். பதவியைச் சொன்னதும் அவர் தலையைச் சீவிக்கொண்டார். சபாநாயகர் நான்.

'கழிப்பறைச் சாவி கொட்டகைத் தூணில் ஆணியில் தொங்க வேண்டும்.' மசோதா அவ்வளவுதான். மூன்று வாசிப்பு உண்டு என்றேன்.

"ஏண்டி, மூணு தபா படிக்கிறியே, எங்களுக்கு இன்னா காது செவுடா?" என்றாள் மக்களவையிலிருந்த என் அத்தை.

குரல் வாக்கெடுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் 'ஆம்' என்று கத்தியதில் பாத்தியிலிருந்த நாரைகள் பறந்தன. மசோதா குவியலைச் சுற்றி மேலவைக்குப் போனது. ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்தது.

"சாவிய இடுப்புல சொருவினு வூட்டுக்குப் போயிடுவாளுங்க. அரைச் செங்கல்லுல கட்டித் தொங்கவுடு. செங்கல்ல எவ சொருவுவா?" என்று குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து நால்வரில் மூத்தவள் கத்தினாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. எந்த நாட்டுச் சட்டத்தில் செங்கல் இருக்கிறது? திருத்தத்துக்கு ஆதரவாக ஐந்து பேர், எதிராக ஐந்து பேர். சமமாக வந்தால் சபாநாயகர் வாக்குப் போட வேண்டும். எதிர்த்தால் மசோதா மறுபடி குவியலைச் சுற்றும். இன்னொரு நாள் போகும். அம்மா உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செங்கல்லுக்கு வாக்களித்தேன்.

குடியரசுத் தலைவர் காகிதத்தைத் திருப்பி அனுப்பினார். "ரிப்பன் இன்னாத்துக்கு வாங்கனேன்? யோசிச்சி சொல்லுங்க." இரு அவைகளும் யோசிக்காமலே மறுபடி நிறைவேற்றின.

"ரெண்டாவது தபா வந்தா ஜனாதிபதி மறுக்க முடியாதுங்க. அரசியல் சட்டத்துல இருக்குது" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமாதாங்க."

சாதாரண மேஸ்திரியாக இருந்திருந்தால் காகிதத்தைக் கிழித்திருப்பார். பதவி அவரைக் கட்டிப்போட்டது. கையெழுத்துப் போட்டார். சாவியை அவர் கையாலேயே அரைச் செங்கல்லில் கட்டினார்.

செங்கல்லோடு ஊர்வலமாகப் போனோம். சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை. ஏழு மாத உப்புக்காற்றில் பூட்டு துருப்பிடித்து ஒரே கட்டியாகியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டம் இருந்தும் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

"நவுரு" என்று மூத்தவள் முன்னால் வந்தாள். சாவியோடு தொங்கிய அரைச் செங்கல்லைத் தூக்கி, நாலு போடு போட்டாள். பூட்டு விழுந்தது.

உள்தாழ்ப்பாளும் துருவேறி நகரவில்லை. கதவை உள்ளிருந்து சாத்தி, அதே செங்கல்லை முட்டுக் கொடுத்து, ஒவ்வொருவராகப் போய் வந்தோம்.

அம்மா வெளியே வந்து, கொட்டகையிலிருந்த பாட்டிலை எடுத்து, நின்றபடியே முழுதாகக் குடித்தாள். அளத்தில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கழிப்பறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏய், இப்பதானடி போய் வந்த?" என்றாள் அத்தை.

"போவேன். சட்டம் இருக்குது" என்றாள் அம்மா.