உப்புக்கும் புகையானுக்கும் நடுவில்

நெல் தூரின் அடியில் கையால் ஒரு தட்டுத் தட்டினால், தேங்கி நின்ற தண்ணீரில் தவிடு கொட்டியதைப் போலச் சிறு பூச்சிகள் விழும். விழுந்தவை மூழ்காமல் தண்ணீரின் மேலேயே தத்தித் தத்தி வந்து கெண்டைக்காலில் ஒட்டிக்கொள்ளும்போது உண்டாகும் அந்த அரிப்பை, முப்பது வயதைக் கடந்து இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் என் கால்கள் மறக்கவில்லை. "புகையான்" என்று அதற்குப் பெயர். தண்டின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிடும். பச்சைப் பயிரின் நடுவே, யாரோ நெருப்பு வைத்தது போல, வட்டம் வட்டமாகப் பழுப்பேறும்.

சுனாமி வந்ததற்கு மறு வருஷத்து மார்கழி அது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே எங்களுக்கு அரை ஏக்கர் நிலம். அதை ஒட்டி அப்பாவின் அண்ணனுக்கு, அதாவது என் பெரியப்பாவுக்கு, அரை ஏக்கர். கால்வாய் வழியாக ஏறி வந்த கடல் தண்ணீர் இரண்டு நாள் அங்கே நின்றுவிட்டுப் போனதிலிருந்து, "அது சாபம் விழுந்த மண்ணு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். உப்பளத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்றார் பெரியப்பா. இரண்டு துண்டும் சேர்ந்திருந்தால்தான் எடுப்போம் என்று உப்பளக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அப்பா புதுச்சேரியில் வாட்ச்மேன் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத்தான் வீட்டுக்கு வருவார். எந்தப் பக்கமும் பேச மாட்டார். அதனால் முடிவு அம்மாவின் தலையில் விழுந்தது. ஐப்பசி மழை உப்பைக் கழுவிவிட்டதை நம்பி, ஒரு போகம் நெல் வைத்துப் பார்ப்பது, நெல் வீடு வந்து சேராவிட்டால் மறுபேச்சில்லாமல் குத்தகைப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பது என்று அம்மா ஒப்புக்கொண்டிருந்தாள். அந்தப் போகத்துக்குப் பெரியப்பாவும் தன் துண்டில் நெல்லே நட்டார்.

புகையான் வந்ததற்கு எங்கள் பயம்தான் காரணம் என்று இப்போது தெரிகிறது. தண்ணீர் நின்றால் உப்பு கீழே இறங்கும், வற்றினால் மேலே ஏறும் என்பது உப்பளத்து ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பயந்து, நட்ட நாளிலிருந்து ஒரு நாள்கூட நாங்கள் வயலை வடிய விடவில்லை. உப்பு மண்ணில் பாதி நாற்று செத்துப்போகும் என்று நெருக்கி நட்டோம். சோர்ந்த பயிர் தேறட்டும் என்று யூரியாவையும் அள்ளிப் போட்டோம். ஈரமும் நிழலும் தழைத்த தண்டுமாகப் பூச்சிக்கு நாங்களே வீடு கட்டிக் கொடுத்திருந்தோம்.

பெரியப்பா மருந்துக்கடைக்குப் போய் இரண்டு மருந்தை வாங்கி, கலந்து தன் வயலில் அடித்தார். மேலிருந்து அடித்த மருந்து இலையை நனைத்ததே தவிர, அடியில் உட்கார்ந்திருந்த பூச்சியை எட்டவில்லை. மறுநாள் அவர் வயல் தண்ணீரில் சிலந்திகள்தான் காலை மடக்கிக்கொண்டு மிதந்தன. எங்கள் வயலில் அதே சிலந்திகள் புகையானைப் பிடித்துத் தின்றுகொண்டிருப்பதை அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பெருமுக்கல் பக்கத்திலிருந்து அம்மாவோடு உப்பு வார வரும் ஓர் அக்கா, "தண்ணிய வடிச்சுட்டு அடியில வெயில் பட உடு. பூச்சி நிக்காது" என்று சொல்லியிருந்தாள்.

அம்மா மண்வெட்டியோடு மடைக்குப் போனதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா ஓடி வந்தார்.

"ஏம்மா, உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா? தண்ணிய வடிச்சா உப்பு மேல ஏறிடும். பூச்சியாவது பாதிய உடும், உப்பு மொத்தத்தையும் தின்னுடும்."

"உப்பு எப்ப ஏறும்னு எனக்குத் தெரியும் மாமா. பத்து வருஷமா அதத்தான வாரிக் கொட்றேன்."

"மருந்து அடிக்க மாட்ட, நான் சொன்னாலும் கேக்க மாட்ட. அப்புறம் மாதா மேல பாரத்தப் போட்டுட்டு அழப்போற."

"மாதா பாத்துக்குவாங்க. மடைய நாமதான் வெட்டணும்."

சிலுவை போட்டுக்கொண்டு மண்வெட்டியை இறக்கினாள். தண்ணீர் வடிகாலில் இறங்கிய சத்தத்தைக் கேட்டுப் பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நானும் அம்மாவும் மூங்கில் கழியால் பயிரை விலக்கி, எட்டு அடிக்கு ஒரு தடம் வீதம் வெயிலும் காற்றும் போக வழி செய்தோம். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்பும் கரைத்துத் தண்டின் அடியில் மட்டும் படும்படி அடித்தோம். உப்பள வேலைக்குப் போகும் பெண்கள் ரோட்டில் நின்று சிரித்தார்கள். "ஏண்டி, தடம் போட்டுப் பாத்தி புடிக்கிறியே, நெல்லுலயும் உப்பு வாரப் போறியா?" என்று ஒருத்தி கேட்டாள். "வந்தா உனக்குத்தான் முதல் கூடை" என்றாள் அம்மா, நிமிராமலே.

முதல் நாள் சேறு. இரண்டாம் நாள் சேறு இறுகியது. காலையும் மாலையும் அம்மா நான்கு மூலையிலும் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னையும் வைக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் மதியம் வரப்போரம் மண் மெல்ல வெளுத்தது. நாக்கில் வைத்ததும் அம்மாவின் முகம் மாறியது. "ஓடு, வாய்க்கால தொற" என்றாள். ஏரி நிரம்பியிருந்த வருஷம் அது. தண்ணீர் உடனே பாய்ந்தது. இரண்டு நாள் நிறுத்தி, மறுபடி வடித்து, மறுபடி நாக்கில் வைத்து, மறுபடி பாய்ச்சி, இப்படியே மூன்று தடவை. நான் தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் கோவிலில் முழங்கால் போட்டு வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: எங்கள் மண் கரிக்கக் கூடாது.

மூன்றாம் முறை வடித்தபோது தூரைத் தட்டினேன். நாலைந்து பூச்சிகள்தான் விழுந்தன.

ஏற்கெனவே பழுப்பேறியிருந்த இரண்டு வட்டம் போனது போனதுதான். மீதி மாசியில் அறுப்புக்கு வந்தது. பெரியப்பாவின் வயலில் புகையான் முன்பைவிட அதிகமாகி, முக்கால்வாசி பதராகப் போனது. எங்கள் மூட்டைகளை வண்டியில் ஏற்ற அவரே வந்து தோள் கொடுத்தார். கைநாட்டுப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கடவுள் கடலையும் பூச்சியையும் அனுப்பி மண்ணைச் சபிக்கிறவர் என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அப்படிச் சொன்னவர்களின் நிலங்களில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறது. பெரியப்பாவின் வயலும் போய்விட்டது, அவர் உட்கார்ந்த வரப்பும் போய்விட்டது, அந்த மருந்துக்கடையும் இல்லை. அம்மா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். அரை ஏக்கரில் நான் நெல்தான் வைக்கிறேன்.

போன மாதம் ஒரு புரோக்கர் பைக்கில் வந்து இறங்கினார். "உப்புத் தரை அக்கா இது. இதுல என்ன வெளையும்? குடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்றார். நான் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"இன்னும் கரிக்கல தம்பி" என்றேன். "கரிச்சாலும் மடைய வெட்டத் தெரியும்."