ஒல்லாந்தர் க்கப்பல்

கனடாவிலிருந்து வந்து நின்ற மாமி வீட்டு வரவேற்பறையில்தான் அந்த எண்ணம் வந்தது. மாமி கொண்டுவந்து கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்த பாய்க்கப்பலை ஊர் முழுக்க வந்து பார்த்துப் போனது. நானும் பார்த்தேன். பாய்கள் முன்பக்கமாகப் புடைத்திருந்தன. காற்று பின்னாலிருந்து அடிக்கிறது என்று அர்த்தம். கொடிகளோ பின்பக்கமாகப் பறந்தன; காற்று முன்னாலிருந்து அடிக்கிறது என்று அர்த்தம். ஒரே கப்பலில் இரண்டு காற்று. அதற்கு மேல், பீரங்கிகள் என்று சொல்லி ஒட்டியிருந்தவை கறுப்பு வர்ணம் அடித்த வெறும் பொட்டுகள்.

"மாமி, இந்தக் கப்பலுக்குக் காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது?"

"ஃபான் பூட்டின பக்கத்தாலதான்."

"இதைவிட நான் நல்லாச் செய்வன்."

மாமி சிரித்தா. "செய்யன் பாப்பம். எங்கட பிள்ளையள் வாயால விடாத கப்பலோ?"

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஏரா, அதாவது கப்பலின் அடியில் முதுகெலும்புபோல ஓடும் மரம், எவ்வளவு நீளம் வரும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். கணிதத்தில் பட்டம் வாங்கி, நியமனம் வரும் என்று காத்திருந்து, அதுவரை முல்லைத்தீவுக் கரையில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கு வேறு எதில் கணக்குப் போட வாய்ப்பிருக்கிறது?

நான் தெரிந்தெடுத்தது பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் போர்க்கப்பல் ஒன்று. அதன் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம், அது எங்கள் கரைகளுக்கு வந்துபோன வகை. ஒல்லாந்தர் எங்களுக்கு விட்டுப்போன சொற்களில் இன்றைக்கும் தேய்ந்துபோகாமல் இருப்பவை, அலுவலகத்துக்குச் சொல்லும் கந்தோரும் கக்கூசும். இரண்டின் வாசலிலும் நாங்கள் இன்னும் வரிசையில் நிற்கிறோம். அப்படிப்பட்டவர்கள் எதில் ஏறி வந்தார்கள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

என் மச்சான் ஒருவன் கைத்தொலைபேசியில் வரலாற்றுக் காணொளிகள் போடுகிறவன். அவனுக்குச் செய்தி எட்டியது.

"ஏன் மச்சாள் அந்நியன்ர கப்பல்? சோழற்ற கப்பலைச் செய்யுங்கோ."

"அதின்ர வரைபடம் வைச்சிருக்கிறியோ?"

"முன்னுக்கு என்ன வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

அதுதான் சிக்கல். முன்னால் எந்த விலங்கு வைப்பது என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். அடிப்பாகம் எப்படி வளைந்தது, எத்தனை விலா மரங்கள் இருந்தன, பாய்மரம் எதில் ஊன்றி நின்றது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததை மூன்று பாகமாகக் காணொளி போடுவதற்கு மட்டும் அது தடையில்லை.

வரைபடங்களை அச்செடுக்கக் கொடுத்த கடையில் இருந்தவர், ஒவ்வொன்றையும் தாளுக்கு அளவாக இருக்கட்டும் என்று அன்போடு பெருப்பித்தும் சுருக்கியும் தந்திருந்தார். விலா மரங்களை அரிந்து நிறுத்திய பிறகுதான் தெரிந்தது: கப்பலின் முன்பாதி ஒரு கப்பல், பின்பாதி வேறொரு கப்பல். திரும்பப் போய்ச் சொன்னேன். "தாள் வீணாகக் கூடாது எண்டுதான் தங்கச்சி" என்றார். என் பலகை வீணானது அவருடைய கணக்கில் வரவில்லை.

மரத்தின் கதை அதைவிடக் கேவலம். வெளிநாட்டு மாதிரிக்கப்பல் மன்றங்களில் ஓய்வுபெற்ற கனவான்கள் எழுதுகிறார்கள்: பேரிக்காய் மரம் உத்தமம், கிடைக்காவிட்டால் வால்நட் மரம் எடுங்கள், அதுவும் இல்லையென்றால் அருகிலுள்ள கடையில் கேட்டுப் பாருங்கள். அருகிலுள்ள கடையில் மாட்டுத்தீனியும் பசளையும் இருந்தன. பிறகு மாங்குளம் சந்தியில், கதவு நிலை செய்யும் மரவேலைப் பட்டறை ஒன்றுக்கு பஸ் ஏறிப் போய், அரிந்து ஒதுக்கிய முதிரை மரத் துண்டுகளைக் கேட்டேன்.

"என்னத்துக்குத் தங்கச்சி, அடுப்புக்கோ?" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லை அண்ணை. கப்பல் செய்ய."

அவர் உள்ளே திரும்பிக் கத்தினார். "தம்பி, பிள்ளைக்கு நல்லா எரியிற துண்டாப் பாத்துக் கட்டிக் குடு!"

முதிரை பார்க்க மஞ்சளாக, மினுக்கமாக, பவுண்போல இருக்கும். வளைக்கப் போனால் அதன் குணம் தெரியும். மெல்லிய பட்டைகளாகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக வளைத்தேன். கப்பலின் முகப்பு வளைவுக்கு வந்ததும் 'டக்' என்று முறிந்தது. மறுபடி ஊறவைத்தேன், மறுபடி முறிந்தது. ஆவியில் வேகவைத்தால் இளகும் என்று படித்திருந்தேன். அதற்கு நீளமான ஆவிப்பெட்டி வேண்டும். குசினியில் அம்மாவின் அலுமினியப் புட்டுக்குழல் தொங்கியது. மெல்லிய பலகைகளை அதற்குள் நிறுத்தி, கீழே பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். இம்முறை முதிரை நூடில்ஸ்போல வளைந்தது. அந்தப் பகல் முழுவதும் பலகையை எடுத்து எடுத்து ஆணியடித்து ஒட்டினேன், விரல்கள் வெந்து சிவந்தன, எனக்குக் கவலையே இல்லை.

அடுத்த நாள் அப்பா சாப்பிட உட்கார்ந்து ஒரு பிடி வாயில் வைத்தவர், நிறுத்தி, மணந்து பார்த்தார்.

"என்னப்பா, இண்டைக்குப் புட்டுக்கு வார்னிஷ் அடிச்சதோ?"

"உங்கட மகளைக் கேளுங்கோ" என்றா அம்மா. "அவாவின்ர கப்பல் வெந்த குழல்."

அப்பா கடலுக்குப் போகிறவர். பைபர் படகு, வெளி இணைப்பு எஞ்சின். என் கப்பலைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, எஞ்சின் எங்கே பூட்டுவாய் என்று கேட்டார். பிறகு வந்த ஒவ்வொருவரும் அதே பகிடியை, தாங்களே முதலில் கண்டுபிடித்ததுபோலக் கேட்டார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் முதல்தரம் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பீரங்கிகளை ரியூசன் பிள்ளைகளின் மை தீர்ந்த பேனைகளிலிருந்து எடுத்தேன். பேனைமுனையின் பித்தளைக் கூம்பைக் கழற்றிப் பார்த்தால், அச்சொட்டாகப் பீரங்கி வாய். கயிறுகளுக்குப் பருத்தி நூல்; அதன் சுணையை அடக்க, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டில் இழுத்து எடுத்தேன். கயிறு கட்டுவதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக காலம் போனது. அதைப் பற்றி இன்றுவரை ஒரு சீவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கடைசியாக முகப்பு உருவம். ஒல்லாந்தர் போர்க்கப்பல் என்றால் முன்னால் சிங்கம்தான். கால் தூக்கி நிற்கும், பொன்வர்ணம் பூசிய சிங்கம். அது அவர்களுடைய நாட்டுச் சின்னம். இதில் நான் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. வேப்பங்கட்டையில் செதுக்கினேன். முதலாவது நாயாக வந்தது, இரண்டாவது சுகமில்லாத நாயாக வந்தது, மூன்றாவதுதான் சிங்கம். வர்ணம் காய வெயிலில் வைத்திருந்தபோது மச்சான் வந்தான். பார்த்தான். குரலைத் தணித்தான்.

"மச்சாள், உங்களுக்கு வேற மிருகம் கிடைக்கேல்லையோ?"

"ஏன், இது ஒல்லாந்தற்ற சிங்கமடா."

"அது உங்களுக்குத் தெரியும். சனத்துக்கு நாட்டுக் கொடியில நிக்கிற சிங்கம்தான் தெரியும். வாளை மட்டும் காணேல்லை."

"அப்ப எதை வைக்கச் சொல்லுறாய்? பசு மாட்டையோ?"

அவன் மனதில் இருந்த விலங்கு எதுவென்று கேட்கத் தேவையில்லை. புலி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் ஒருவரும் சும்மா வாயால் விடுவதில்லை. விடாமலே எல்லாருக்கும் விளங்கப்படுத்துவார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்திய கப்பலின் மூக்கில் எந்த மிருகம் இருக்க வேண்டும் என்று எங்கள் சண்டையைக் கொண்டுபோய் ஒட்டப் பார்க்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே சிங்கத்தைப் பசை போட்டு ஒட்டினேன்.

மாவட்டக் கைப்பணிக் கண்காட்சிக்குக் கப்பலைக் கொடுத்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பரிசு கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, அது வேறு. நான் செய்தது எதுவோ, அதன் சொந்தப் பெயரோடு அது மேசையில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். இது ஒரு பெரிய ஆசை என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஓட்டோவில் அப்பாவும் நானும் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு போனோம். முன்பக்க மரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் மேசையில் வைத்து, நான் எழுதிய அட்டையை முன்னால் நிறுத்தினேன்: 'ஒல்லாந்தர் போர்க்கப்பல்'. கண்காட்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வந்தார். அட்டையை வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"தங்கச்சி, இந்த 'போர்' வேண்டாமே."

"அது போர்க்கப்பல்தானே சேர்."

"கப்பல் எண்டு போடுங்கோவன். கப்பல் கப்பல்தானே. பெரியாக்கள் வருவினம். ஏன் தேவையில்லாத கதை?" பிறகு குனிந்து பார்த்தார். "இந்த ஓட்டையள் என்ன?"

"பீரங்கி வைக்கிற வாசல், சேர்."

"யன்னல் எண்டு சொல்லுவம். காத்து வரத்தானே." பித்தளை முனைகளைக் கண்டார். "இதுகளைக் கழட்டேலுமோ?"

"ஒட்டிக் கிடக்கு. கழட்டினால் பக்கம் உடையும்."

"சீச்சீ..." என்றவரின் கண் முகப்புக்குப் போனது. முகம் மலர்ந்தது. "ஆ! இது நல்லம். சிங்கம் வைச்சிருக்கிறியள். வாறவருக்குச் சந்தோசமாயிருக்கும்."

"சேர், அது ஒல்லாந்தற்ற சிங்கம்."

"சிங்கம் சிங்கம்தானே, பிள்ளை."

அட்டையை மாற்ற மாட்டேன் என்றேன். அப்பா என் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். எனக்குக் கோபம், அசையவில்லை. உத்தியோகத்தர் வாதாடவில்லை. பொக்கற்றிலிருந்து திருத்தும் வெள்ளை மையை எடுத்து, 'போர்' என்ற இரண்டு எழுத்தின் மேலும் பூசி, ஊதிக் காயவைத்துவிட்டுப் போனார். பிறகு இரண்டு பேர் வந்து, கப்பலின் இரண்டு பக்கத்திலும் பெரிய குறோட்டன் செடிச் சாடிகளை வைத்தார்கள். பீரங்கிகள் மறைந்தன. இலைகளுக்கு நடுவால் சிங்கத்தின் தலை மட்டும் காட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. கீழே அட்டை சொன்னது: 'ஒல்லாந்தர் க்கப்பல்'.

அவர் 'போர்' என்பதை அழித்தார், அதன் பின்னால் ஒட்டி வந்த ஒற்றை விட்டுவிட்டார். நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். கப்பலுக்கு முன்னால் வந்து நின்றார். கப்பலைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார்.

"பிள்ளை, 'க்கப்பல்' எண்டு தமிழில ஒரு சொல் இருக்கோ?"

"இல்லை சேர்."

"ஒற்றெழுத்து சொல்லின்ர முதலில வராது. படிப்பிக்கேல்லையோ?"

"படிப்பிச்சவை சேர். அதுக்கு முன்னால ஒரு சொல் இருந்தது."

"என்ன சொல்?"

உத்தியோகத்தர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்" என்றேன்.

ஆசிரியர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஓமோம்... அப்ப அது சரிதான். எண்டாலும் அந்த 'க்'கன்னாவையும் சேர்த்து அழிச்சிருக்கலாம்." எதையோ குறித்துக்கொண்டு பக்கத்து மேசையிலிருந்த பனையோலைக் கூடைக்குப் போனார்.

தலைமை விருந்தினர் வந்தார், சிங்கத்தைக் கண்டார், சிரித்தார், அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். எனக்கு 'அலங்காரப் பொருட்கள்' பிரிவில் ஆறுதல் பரிசு. பொழுதுபடுவதற்குள் அந்தப் படம் எல்லாத் தொலைபேசிகளிலும் இருந்தது. பாதிப்பேர் என்னை விலைபோனவள் என்றார்கள். மீதிப்பேர் நல்லிணக்கத்துக்கு நன்றி சொன்னார்கள். இரண்டு பகுதியும் எழுதிய ஒரே பெயர், 'சிங்கக் கப்பல்'. மச்சானோ பின்பக்கத்தை மட்டும் படமெடுத்து, 'வன்னி மண்ணின் மரபுக்கப்பல்' என்று போட்டிருந்தான். மரபாம்! போர்க்கப்பல் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அப்பா கேட்டார். "இனி என்ன பிள்ளை? வெட்டி அடுப்புக்கு வைப்பமோ?"

"இல்லை. அடுத்தது."

"அதுக்கும் சிங்கமோ?"

"அதுக்கும் சிங்கம்தான். ஒல்லாந்தற்ற எண்டால் சிங்கம்தான்."

அப்பா வெளியே நீட்டிக்கொண்டிருந்த முன்பக்க மரத்தைக் கையால் அணைத்துப் பிடித்தார். "அந்தாள் பூசின மை," என்றார் பிறகு, "மரத்தில பூசினால் சுரண்டி எடுக்கலாம்."

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒல்லாந்தர் தங்கள் கப்பலின் பெயரை அட்டையில் எழுதி முன்னால் வைக்கவில்லை; பின்பக்கத்தின் உயரமான பலகையில் செதுக்கி வைத்தார்கள். அடுத்தது இரண்டு பீரங்கித் தட்டுள்ள பெரிய கப்பல். அதன் பின்பலகையில் 'போர்க்கப்பல்' என்று தமிழிலேயே செதுக்கப்போகிறேன், சுரண்டினால் பலகை மட்டும் தேயும் அளவுக்கு ஆழமாக. ஒட்டியிருந்தால் கழற்றச் சொல்கிறார்கள், ஆகவே பீரங்கிகள் உள்ளே சில்லுகளில் நிற்கும். கதவுகளை மூடிவிட்டால் உத்தியோகத்தருக்கு அவை யன்னல்கள். அடியில் ஒரு நூல். இழுத்தால் கதவு திறந்து எல்லாம் ஒன்றாக வெளியே வர வேண்டும். கதவுப் பிணைச்சலுக்குப் பால்மா டின் தகரத்தை வெட்டிப் பார்த்தேன், சரிவரும்போல இருக்கிறது. எழுத்துத்தான் இடறுகிறது. 'போர்க்கப்பல்' என்றால் நான்கு புள்ளிகள். முதிரையில் மூன்றாவது புள்ளியைக் குத்தும்போது பலகை பிளக்கிறது. நாளைக்குப் பலகையைப் புட்டுக்குழலில் அவித்து, இளகிய சூட்டோடு குத்திப் பார்க்கப்போகிறேன்.