நான்கு கல் போதும் என்றேன்: லா ஷப்பேலில் ஒரு சனிக்கிழமை

கடந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ் போய், அன்றைக்கே திரும்பினேன். ஈஃபில் கோபுரத்தைப் பார்க்கவில்லை. அருங்காட்சியகங்களுக்கும் போகவில்லை. ஹான் என்ற கொரியப் பெண்மணியிடம் ஒரு ஆட்டம் தோற்பதற்காகப் போனேன். அவரிடம் தோற்கப்போவது உறுதி. எப்படித் தோற்பது என்பதில்தான் எனக்குச் சில திட்டங்கள் இருந்தன.

ஆட்டத்தின் பெயர் கோ. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடுகள் போட்ட பலகையில் ஒருவர் கறுப்புக் கல், மற்றவர் வெள்ளைக் கல் என்று மாறி மாறி வைத்து இடம் பிடிப்பார்கள். கொரியாவில் இதற்குப் பதுக் என்று பெயர். வலுவான ஆளோடு மோதும் எளிய ஆள், ஆட்டம் தொடங்கும் முன்பே சில கற்களைப் பலகையில் வைத்துக்கொள்ளலாம். எத்தனை கல் என்பதை அவரே சொல்ல வேண்டும். பொதுவாக ஒன்பதுதான் உச்சம். ஆக, அந்த எண்ணைச் சொல்லும்போது ஒருவர் தன்னைப் பற்றித் தன் வாயாலேயே சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்.

ஹானுக்கும் எனக்கும் ஒரே வயது. இந்தத் தகவல் எனக்கு நல்லதே செய்ததில்லை. எட்டு வயதில் அவர் ஒரு துறைமுக ஊரிலிருந்து சியோலுக்கு ஓர் ஆசிரியர் வீட்டுக்குப் போனார். அதே வயதில் நான் திருச்சியில் ரிக்கார்டர் குழல் வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றேன். பதினைந்தில் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். நான் மாவட்டக் கேரம் போட்டியில் இரண்டாம் சுற்றைத் தாண்டினேன், எதிராளி வரவில்லை. பத்தொன்பதில் அவர் பெண்கள் பட்டம் வென்றார். அதன் பிறகு ஆண்களும் ஆடும் போட்டிகளில் மூன்று முறை இறுதிச் சுற்று வரை போய் மூன்றிலும் தோற்றார். அந்தத் தோல்விகளைக் கூட நான் பொறாமையோடுதான் படித்தேன். தோற்பதற்கும் ஒரு இறுதிச் சுற்று வேண்டும் அல்லவா? முப்பத்தெட்டில் போட்டிகளை விட்டுவிட்டு ஐரோப்பாவில் கற்பிக்க வந்தார். இருபது ஆண்டுகளாக அவருடைய ஆட்டங்களைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். செப்டம்பரில், கொரியா திரும்பும் முன் கடைசியாகப் பாரிஸில் பத்துப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடப்போகிறார் என்று அறிவிப்பு வந்தது. கடைசி இடம் எனக்குக் கிடைத்தது.

ஆட்டத்தைவிட எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு வருவது. கொரியாவில் ஆட்டம் முடிந்ததும் முதல் கல்லிலிருந்து நினைவிலிருந்தே மறுபடி அடுக்கிக் காட்டுவார்கள். அவர் என் ஆட்டத்தை முழுக்க அடுக்கிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

காலை 8.13 ரயில். ஒரு மணி இருபத்திரண்டு நிமிடத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையம். மூன்று வாரம் முன்பே எடுத்ததால் ஒரு வழி ஐம்பத்தெட்டு யூரோ. வெளியே வந்து ஃபோபூர் சான் தெனி தெருவில் வடக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் லா ஷப்பேல், அங்கே ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த ரூ காய் தெரு. மெத்ரோ எடுக்காதீர்கள், படியிறங்கி ஏறும் நேரத்தில் வடை சாப்பிட்டு முடித்துவிடலாம். வடையும் பிளேன் டீயும் மூன்று யூரோ. மேசைக்கு வந்த பையனிடம் சாம்பார் கேட்டேன். நான் எந்த ஊர் என்பது அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஆட்டம் நடக்கும் மண்டபம் எங்கே என்று கேட்க எதிரே இருந்த புடவைக் கடைக்குள் போனேன். அங்கே ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். என் கையிலிருந்த அறிவிப்புத் தாளைப் பார்த்தார்.

“பதுக்குக்கோ போறியள் தம்பி? நில்லுங்கோ, மத்தியானம் நானும் அங்கைதான்.”

அவர் பெயர் வதனி. புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறார். நீங்கள் எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

“மகளைத்தான் சேத்தன். அவ மூண்டு கிழமையிலை விட்டிட்டா. நான் பக்கத்திலை குந்தி இருந்து பாத்துப் பாத்துப் பழகிப்போட்டன். ரெண்டு வருசம் ஆச்சு, ஒவ்வொரு சனியும்.”

“யாரிடம்?”

“கொரியாப் பிள்ளையிட்டைத்தான். வேறை ஆரிட்டை?”

இருபது ஆண்டுகள் நான் குறிப்பெடுத்த மனுஷி, இந்தக் கடையிலிருந்து நானூறு மீட்டரில், ஒவ்வொரு சனிக்கிழமையும். ஹானின் மூன்று இறுதிச் சுற்றுகளைப் பற்றி வதனி அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. “ஆனா அவவுக்கு எங்கடை இடியப்பம் சரியான விருப்பம்,” என்றார். ஆறுதல் போய்விட்டது.

இரண்டு மணிக்குத் தொடங்கியது. பத்து மேசைகள் வட்டமாக இருந்தன, நடுவில் ஹான். சின்ன உருவம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. ஒவ்வொரு மேசையிலும் நின்று பிரெஞ்சில் எத்தனை கல் என்று கேட்டார். பிரஸ்ஸல்ஸில் ஏழு ஆண்டுகள் இருந்தும் என் பிரெஞ்சு பத்து வரை எண்ணுவதோடு நின்றுவிட்டது; அலுவலகம் முழுக்க ஆங்கிலம். பக்கத்து மேசையிலிருந்த வதனி அக்கா எனக்காக மொழிபெயர்க்க முன்வந்தார். அவர் தனக்கு ஒன்பது என்றார், கூச்சமே இல்லாமல்.

“உங்களுக்கு எத்தினை தம்பி?”

“நாலு போதும் அக்கா.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். ஹானும் என்னை ஒரு தரம் பார்த்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது நிமிடத்தில் என் கற்களில் பாதி சுற்றிவளைக்கப்பட்டுச் செத்துவிட்டன. நான் தோல்வியை ஒப்புக்கொண்டபோது மற்ற ஒன்பது பேரும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். வதனி அக்கா கடைசி வரை ஆடி ஆறு புள்ளியில் தோற்றார். அவருடைய ஆட்டத்தை ஹான் முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை அடுக்கினார். இடையில் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

என் மேசைக்கு வந்தார். பதினாலு கல் வரை அடுக்கினார். நிறுத்தினார். ஏதோ சொன்னார்.

வதனி அக்கா கொஞ்சம் தயங்கினார். “அவ சொல்லுறா, இதுக்குப் பிறகு நீங்கள் விளையாடேல்லையாம். விழாமல் இருக்கத்தான் பாத்தனீங்களாம். அதாலை அடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லையாம்.”

இருபது ஆண்டுகள் காத்திருந்து கேட்ட சொற்கள். அவையும் யாழ்ப்பாணத் தமிழில், இன்னொருத்தியின் வாயால்.

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. நான் பையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஹான் எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். வதனி அக்கா கோர்வையாகச் சொன்னார்:

“எட்டு வயசிலை தகப்பன் கொண்டுபோய் அந்த ஆசிரியரிட்டை விட்டவராம். எத்தினை கல்லு எண்டு கேக்க, இவ நாலு எண்டிருக்கிறா. படு தோல்வியாம். அந்த மனுசன் பலகையை மூடிப்போட்டுப் படுக்கப் போனவராம். விடிய எழும்பினோடனை திரும்பக் கேட்டாராம், எத்தினை எண்டு. ஒம்பது எண்டாவாம். அதுக்குப் பிறகுதான் சேத்தவராம்.”

என் குறிப்பேட்டில் இது இல்லை. எந்தப் பேட்டியிலும் படித்ததில்லை.

“எனக்குப் போன வருசமே சொன்னவ,” என்றார் வதனி அக்கா.

ஹான் பலகையைக் காலி செய்து, கறுப்புக் கல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். மறுபடி அதே கேள்வி. இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. உண்மையான எண் எனக்கும் தெரியும். இந்த மனுஷி அடுத்த வாரம் கொரியா போகிறார் என்பதும் தெரியும்.

“அஞ்சு,” என்றேன் தமிழில்.

வதனி அக்கா ஹான் பக்கம் திரும்பி, “நெஃப்,” என்றார்.

பத்து வரை எனக்குத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? ஐந்துக்கு ‘சேங்க்’. ‘நெஃப்’ என்றால் ஒன்பது. திருத்துவதற்கு எனக்கு முழுதாக மூன்று நொடி இருந்தது. ஹான் காத்திருந்தார். வதனி அக்கா ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒன்பது கல்லை எடுத்து வைத்தேன்.

பதினோரு புள்ளியில் தோற்றேன். ஹான் ஆட்டத்தை முழுதும் அடுக்கினார். எனக்கு மிகவும் பிடித்த என் கல் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்துக் காட்டினார். அங்கே வைத்திருந்தால் வென்றிருப்பேன். நான் தலையாட்டினேன், அவரும் ஆட்டினார். மொழிபெயர்ப்பவர் கொட்டாவி விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும் ரயில் 19.25 என்றால் 19.10க்கு மண்டபத்திலிருந்து கிளம்பாதீர்கள். நான் ஓடித்தான் பிடித்தேன். மண்டபத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆட்டத்தோடு நுழைவு இருபத்தைந்து யூரோ. பிரெஞ்சு தெரியாதவர்கள் மொழிபெயர்க்க ஆள் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது; ஆனால் அந்த ஆளுக்கு ஆட்டம் தெரியாமல் இருந்தால் மனதுக்கு இன்னும் நல்லது.

வதனி அக்கா என் எண்ணை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. என்னுடைய ஒரே ஒரு ஆட்டத்தைப் பக்கத்து மேசையிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, நான் ஒன்பது கல் ஆள் என்று அவ்வளவு துல்லியமாக எடை போட்டுவிட்டார். அந்தக் கண்ணை அவருக்கு யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும்.