சங்கத்துக்கு ஒரு வெளியாள்

எங்கள் மலையூருக்கு ஜீப் மட்டும்தான் ஏறும். பிரசவ வலி வந்தால் அந்த நேரத்தில் ஜீப்புக்கு அலைய வேண்டும். ஊருக்கென்று ஒரு ஜீப்பை எப்போதும் தயாராக நிறுத்தத்தான் இந்தச் சங்கம்.

கையில் காசு கம்மி. அதனால் வக்கீல் வைக்காமல் விதிமுறைகளை நாங்களே எழுதினோம். ஆபீஸுக்கு என் வீட்டு முகவரி.

இன்று நானும் நாத்தனார் செல்வியும் கள்ளக்குறிச்சிக்குப் பதிவு செய்யப் போனோம். உறுப்பினர் பெயர்களைப் படித்த அலுவலர் நிமிர்ந்தார்.

"ஏழு பேரும் சொந்தக்காரங்களா?"

"எங்க ஊர்ல சொந்தமில்லாத ஆளு ஏதுங்க?" என்றாள் செல்வி.

"நாளைக்கு நன்கொட குடுக்கறவங்க யோசிப்பாங்கம்மா. வெளியாளு ஒருத்தர சேத்துக்கினு வாங்க."

எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரருக்குச் சொந்த ஊர் தியாகதுருகம். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"சங்கம்லாம் ஆறு மாசந்தாம்மா ஓடும். ஜீப்பு ரிப்பேர் ஆனா இன்னா பண்ணுவீங்க? டிரைவர் போன எடுக்கலன்னா? கணக்க யாரு பாக்கறது?"

டீ ஆறியும் அவர் ஓயவில்லை. நாங்கள் ஏழு பேரும் கூடிப் பேசியபோது இதில் ஒன்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

செல்வி என் கையைக் கிள்ளிவிட்டு அவரிடம் கேட்டாள்.

"அண்ணே, இதயெல்லாம் மாசாமாசம் எங்க கூட்டத்துக்கு வந்து கேக்கறீங்களா? உறுப்பினரா சேந்துக்கினு?"

அவர் இன்னும் இரண்டு டீ ஆற்றி எங்கள் முன் வைத்தார்.

"ஞாயித்துக்கெழமயா பாத்து வைம்மா. அன்னிக்குத்தான் கட லீவு."

உங்கள் ஊரிலும் எல்லாவற்றுக்கும் குறை சொல்லும் ஒருவர் இருப்பாரே, அவரை இன்னுமா சும்மா விட்டு வைத்திருக்கிறீர்கள்?