அமெரிக்கக் காருக்கு ஓர் ஈரத்துண்டு

சூடேறிய பெட்ரோலும் ரெக்சின் சீட்டும் கலந்த வாசனை. ஒரு நொடியில் அப்பாவின் பழைய அமெரிக்கக் காருக்குள், முன்சீட்டில் நாலாவது ஆளாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உண்மையில் நான் நிற்பது, சுற்றிப்பார்க்க வந்த தீவில், சாத்தம் படகுத்துறையில். அதே மாதிரிக் கார் ஒன்று, பின்னால் மீன் துடுப்பு போன்ற தகடுகளும் மேலே மல்லிகைச் சரமுமாக, ஃபெர்ரியில் ஏறும் வழியை அடைத்து நின்றுவிட்டது. அக்கரையில் கல்யாணப்பெண் இதற்காகக் காத்திருக்கிறாள். ஓட்டிவந்த அவள் அப்பா செல்வம், பானெட்டைத் திறந்துவைத்து வியர்க்கிறார்.

"அரே பாய், கப்பல் போயிடும். ஹடாவோ, வண்டிய நகர்த்து," என்கிறார் பின்னாலிருக்கும் லாரிக்காரர்.

வெயிலில் எஞ்சினோடு இருக்கும் பெட்ரோல் பம்ப் கொதித்தால் இந்தக் கார்கள் நகராது. எங்கள் அப்பா அதன்மேல் ஈரத்துண்டு போர்த்துவார். என் தோள்துண்டோடு கடலுக்குக் குனிகிறேன்.

"உப்புத்தண்ணி வேணாம் சார், துரு தின்னுடும்," என்று செல்வம் கையைப் பிடிக்கிறார்.

குடிக்க வாங்கிய இளநீரில் துண்டை நனைத்துப் போர்த்துகிறேன். கொஞ்ச நேரத்தில் கார் இருமுகிறது, உறுமுகிறது, கிளம்புகிறது.

"துண்டு அப்படியே இருக்கட்டும்," என்கிறேன்.

ஃபெர்ரியில் ஏறியபடி செல்வம் ஜன்னலில் தலை நீட்டுகிறார்.

"மெயின்லேண்டுலேர்ந்து வந்தவருக்கு நாங்கதான் சார் துண்டு போட்டு மரியாதை செய்யணும். நீங்க எங்க வண்டிக்கே போட்டுட்டீங்களே."